விட்டவாசல் முதல் செல்லூர் வரை: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஊர் மாறிப்போவதைப் பற்றியவை. நில அளவைத் துறையில் வரைவாளராக 31 ஆண்டுகள் வேலை பார்த்தவள் என்பதால், ஆசிரியர் அவற்றை மொத்தமாகக் கட்டி என் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். நான் பிறந்தது திருமலை நாயக்கர் மஹாலுக்குப் பின்னால் ஒரு தெருவில். இப்போது குடியிருப்பது வைகையின் வடகரையில். இரண்டு கரையிலும் நடந்து பார்த்ததை வைத்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அம்மா, நாங்கள் கட்டடக்கலை படிக்கும் மாணவிகள். மதுரை தாமரைப் பூ வடிவில் திட்டமிட்டுக் கட்டப்பட்ட நகரம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எங்கள் ஆய்வேட்டை அதிலிருந்தே தொடங்கலாமா?
(கல்லூரி மாணவி, வில்லாபுரம்)

தொடங்கலாம் மகளே. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு காலங்கள் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துவிட்டுத் தொடங்கு.

தாமரை உவமை பரிபாடலில் வருகிறது. திருமாலின் கொப்பூழில் மலர்ந்த தாமரை போன்றது ஊர், இதழ்களைப் போன்றவை தெருக்கள், இதழ்களுக்கு நடுவே இருக்கும் பொகுட்டைப் போன்றது 'அண்ணல் கோயில்' என்கிறது பாட்டு. அங்கே கோயில் என்பது பாண்டியனுடைய அரண்மனை. கோ இருக்கும் இல். இன்று நாம் நடக்கிற சதுரத் தெருக்களை மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒழுங்குபடுத்தியது 16ஆம் நூற்றாண்டில், விசுவநாத நாயக்கர் காலத்தில். நடுவே ஆயிரம் ஆண்டுக்கு மேல் இடைவெளி இருக்கிறது. பாட்டையும் வரைபடத்தையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து ஆணி அடித்துவிடாதீர்கள்.

எனக்குத் தாமரையைவிட வியப்பாக இருப்பது மாசி வீதி. கோயிலுக்குள்ளே ஆடி வீதி, வெளியே வந்தால் சித்திரை வீதி, அதற்கு அடுத்து ஆவணி மூல வீதி, பிறகு மாசி வீதி, கடைசியாக வெளி வீதி. சித்திரைத் திருவிழாவில் தேர் ஓடுவது சித்திரை வீதியில் அல்ல, மாசி வீதியில். ஏன்? திருக்கல்யாணமும் தேரோட்டமும் முன்பு மாசி மாதத்தில் நடந்தன. திருமலை நாயக்கர் 17ஆம் நூற்றாண்டில் அவற்றைச் சித்திரைக்குக் கொண்டுவந்து, அழகர் ஆற்றில் இறங்கும் விழாவோடு சேர்த்தார். விழாவின் மாதத்தை ஓர் அரசர் மாற்ற முடிந்தது. அது நடந்த தெருவையும் தெருவின் பெயரையும் அவரும் மாற்றவில்லை, பின்னால் வந்தவர்களும் மாற்றவில்லை.

அந்த அகலம் எப்படி நிலைத்தது என்று யோசித்துப் பார். ஒரு கடைக்காரர் படியை ஓர் அடி நீட்டுகிறார், அடுத்தவர் தகரத்தாழ்வாரம் இறக்குகிறார். மற்ற தெருக்களில் அப்படித்தான் தெரு சுருங்கும். மாசி வீதியில் வருடத்துக்கு ஒரு நாள் தேர் வந்துவிடும். நீட்டியதையெல்லாம் அதற்குள் எடுத்தாக வேண்டும். நாங்கள் சங்கிலி பிடித்து அளந்ததைவிடத் தேர் அளந்தது கறாரானது. உன் ஆய்வேட்டில் தாமரையை இரண்டாம் பக்கத்துக்கு அனுப்பு. முதல் பக்கத்தில், தேர் திரும்பும் நான்கு மூலைகளையும் அளந்து எழுது.

கேள்வி: தெற்கு மாசி வீதிக்குப் பின்னால் சந்தில் இருக்கிறது எங்கள் வீடு. தாத்தா காலத்தில் வாங்கியது. இப்போது ஒரு பக்கம் தங்கும் விடுதி, மறுபக்கம் பிளாஸ்டிக் சாமான் கிட்டங்கி. பழகிய குடும்பங்கள் எல்லாம் வெளியே போய்விட்டன. 'நம் தெரு செத்துவிட்டது' என்று என் மனைவி வருந்துகிறாள். அது உண்மைதானா?
(வணிகர், 71 வயது)

ஐயா, வீட்டில் அம்மாவிடம் சொல்லுங்கள்: தெரு இருக்கிறது. மாறியது வேறு.

கான்சன் என்று ஒரு புவியியலாளர். ஜெர்மனிக்காரர், 1933இல் அங்கிருந்து வெளியேறி இங்கிலாந்துக்கு வந்தார். வட இங்கிலாந்தில் ஆனிக் என்ற சின்ன ஊரை மனை மனையாக ஆராய்ந்து 1960இல் தன் ஆய்வை வெளியிட்டார். நகரத்தை அவர் மூன்றாகப் பிரித்துப் பார்த்தார். தெருவும் மனை எல்லையும் ஒன்று, கட்டடம் இன்னொன்று, அதற்குள் நடக்கும் பிழைப்பு மூன்றாவது. பிழைப்பு கண்ணெதிரே மாறும். கட்டடம் இரண்டு தலைமுறை தாங்கும். தெருவும் மனை எல்லையும் நூற்றாண்டுக் கணக்கில் நிற்கும். மெதுவாக மாறுவதுதான் மற்ற இரண்டையும் பிடித்து வைத்திருக்கிறது.

இன்னொன்றும் சொன்னார். தெருப்பக்கம் குறுகலாகவும் பின்னால் நீளமாகவும் இருக்கும் மனைகளில் முதலில் நிரம்புவது கொல்லைப்புறம். ஒரு கொட்டகை போடுவார்கள், பிறகு பட்டறை, பிறகு வாடகைக்கு இரண்டு அறை. காற்றும் வெளிச்சமும் போய், ஒரு நாள் மொத்தமாக இடிபட்டு மறுபடி வெற்று மனையாகும். ஆனிக் ஊருக்காக எழுதியது நம் சந்துகளுக்கு அப்படியே பொருந்துவதைப் பார்த்து நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

உங்கள் பகுதியில் 1980களில் ஒரு வீட்டை அளக்கப் போனோம். வீட்டுக்காரர் தகரப்பெட்டியிலிருந்து தாய்ப்பத்திரத்தை எடுத்தார். மடிப்பு விட்ட இடமெல்லாம் இற்றுப்போய், பின்பக்கம் கஞ்சி தடவி மெல்லிய துணி ஒட்டியிருந்தது. நான்கு பக்க எல்லையைச் சொல்லும் நான்குமால் வரிகளை அவரே விரலால் தடவித் தடவிப் படித்தார்: வடக்கே தெரு, கிழக்கே பொதுச்சுவர், மேற்கே அடுத்தவர் வீடு, தெற்கே வாய்க்கால். முகப்பு பதின்மூன்றேகால் அடி. அந்த மனையில் வீடு இரண்டு முறை இடித்துக் கட்டப்பட்டிருந்தது. திண்ணை போய் இரும்புக் கதவு வந்திருந்தது. முற்றத்தை மூடிவிட்டார்கள். டேப்பைப் பிடித்துப் பார்த்தோம். 13 அடி 3 அங்குலம். தெற்கே வாய்க்கால் இல்லை. ஆனால் அதே இடத்தில் ஓர் ஆள் மட்டும் போகிற சந்து, சந்தின் நடுவே சாக்கடை. தண்ணீர் ஓடிய பள்ளத்தில் இன்றும் தண்ணீர்தான் ஓடுகிறது, கழிவாக.

நான் வளர்ந்த தெரு நெசவாளர் தெரு. விடியற்காலையில் தறிக்கான நெடுக்கு நூலை, அதாவது பாவை, தெருவில் நீட்டிக் கட்டி, கஞ்சி போட்டு, வெயில் ஏறுவதற்குள் ஆற்றிச் சுருட்டுவார்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் பாவு மேல் பட்டுவிடாமல் சுவரோரம் ஒண்டிப் போவோம். இப்போது அங்கே பாவு கிடையாது. இருசக்கர வாகனங்கள் நிற்கின்றன. ஆனால் அந்தத் தெரு ஏன் ஒரு வளைவும் இல்லாமல் அவ்வளவு நீளம் நேராகப் போகிறது என்று கேட்டால், நான் பாவைத்தான் காட்டுவேன்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள் ஐயா. விடுதிக்காரர் ஒரே மனையில் உயரமாகக் கட்டியிருக்கிறாரா, இரண்டு மூன்று மனைகளை வாங்கி ஒன்றாகச் சேர்த்துக் கட்டியிருக்கிறாரா? முன்னது போய்விடும், வேறு வரும். பின்னதுதான் எனக்குப் பயம். சேர்ந்த மனை மறுபடி பிரிவது அரிது. பதின்மூன்றடி முகப்பில் ஒரு தையல்காரர் கடை போடலாம், ஒரு குடும்பம் குடிவரலாம். அறுபதடி முகப்பை வாங்கச் சின்ன மனிதர் யாரும் வர முடியாது.

கேள்வி: கீழவாசல், மேலவாசல், தெற்குவாசல் என்று பஸ்ஸில் தினமும் கேட்கிறோம். வாசல் எங்கே என்று என் வகுப்புப் பிள்ளைகள் கேட்கிறார்கள்.
(ஆசிரியை, திருநகர்)

கோட்டையோடு போய்விட்டது டீச்சர். பாண்டியர் காலக் கோட்டையை எடுத்துவிட்டு விசுவநாத நாயக்கர் பெரிய கோட்டை கட்டினார். அதற்கு 72 கொத்தளங்கள், ஒவ்வொன்றும் ஒரு பாளையக்காரர் பொறுப்பு என்பார்கள். பழைய கோட்டையில் இடிக்காமல் விட்ட ஒரு வாசல் அம்மன் சன்னதிக்கு நேர் கிழக்கே இன்றும் நிற்கிறது. அதன் பெயரே விட்டவாசல். பிள்ளைகளை முதலில் அங்கே கூட்டிப் போங்கள்.

நாயக்கர் கோட்டையை இடித்தது கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில், 1837 வாக்கில் தொடங்கி. ஊர் நெருக்கம் தாங்கவில்லை, அகழியில் நின்ற தண்ணீரால் நோய். அவர் செய்த ஏற்பாடு எளிமையானது. மதிலை இடித்து அகழியைத் தூர்ப்பவர்களுக்கு அந்த நிலமே மனையாகக் கிடைத்தது. அப்படிப் பிறந்தவைதான் வெளி வீதியும், அந்த வேலையைப் பார்த்தவர்களின் பெயரைத் தாங்கிய மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும். அளந்தவரும் வேலை வாங்கிய மேஸ்திரியும் தெருப்பெயராக நிற்கும் ஊர் நம் ஊர். என் தொழிலைச் சேர்ந்தவர்கள் என்பதால் எனக்கு அதில் தனிப் பெருமை உண்டு. விளக்குத்தூண் பிளாக்பர்ன் நினைவாக நட்டது. பெரியார் பஸ் நிலையத்துக்கு அருகே மேற்குக் கோட்டையின் ஒரு துண்டு மிச்சம் இருக்கிறது. பஸ் பிடிக்கும் அவசரத்தில் யாரும் அதைப் பார்ப்பதில்லை.

இதில் பெரிய பிள்ளைகளுக்குச் சொல்ல இன்னொரு செய்தி இருக்கிறது. ஹெர்பர்ட் லூயிஸ் என்ற ஜெர்மானியர் 1936இல் பெர்லின் நகரை ஆராய்ந்தபோது ஒன்றைக் கண்டார். நகரம் வளராமல் ஓரிடத்தில் தயங்கி நிற்கும்போது, அதன் விளிம்பில் பெரிய நிலம் தேவைப்படும் காரியங்கள் வந்து உட்காருகின்றன. ரயில் நிலையம், மருத்துவமனை, சிறை, கல்லூரி, ஆலை, இடுகாடு. பிறகு நகரம் அவற்றைத் தாண்டிப் போய்விடும். அவை மட்டும் பழைய விளிம்பைக் காட்டிக்கொண்டு நடுவில் நிற்கும். மதுரையில் நடந்தே பார்க்கலாம். மேல வெளி வீதியை ஒட்டி ரயில் நிலையம், அதைத் தாண்டி 1892இல் வந்த மதுரா ஆலை, இன்னும் மேற்கே மத்திய சிறை. ஆற்றைக் கடந்தால் பெரியாஸ்பத்திரி, அமெரிக்கன் கல்லூரி, தமுக்கம் மைதானம், கலெக்டர் அலுவலகம். இவற்றை ஒரு வரைபடத்தில் சிவப்புப் பென்சிலால் வட்டமிடச் சொல்லுங்கள். 1901 கணக்கெடுப்பில் 1,05,984 பேர் இருந்த மதுரை எதுவரை இருந்தது என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

கேள்வி: 2024 அக்டோபர் கடைசியில் பெய்த மழையில் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த பத்திரமும் பிள்ளைகளின் சான்றிதழ்களும் நனைந்துவிட்டன. பட்டா பார்த்துத்தான் வாங்கினோம். தண்ணீர் ஏன் எங்களைத் தேடி வருகிறது?
(இல்லத்தரசி, செல்லூர்)

சகோதரி, நனைந்த காகிதத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பத்திர நகலைப் பதிவு அலுவலகத்தில் மனுப் போட்டு வாங்கலாம். எழுத்து அழிந்த பழைய பத்திரத்தையும் தூக்கிப்போடாதீர்கள்.

இனி தண்ணீர். அது உங்களைத் தேடி வரவில்லை. தன் வழியில் வந்தது.

வைகையின் வடகரையில் கண்மாய்கள் தனித்தனியாக இல்லை. சங்கிலியாக இருந்தன. மேலே இருக்கும் கண்மாய் நிரம்பினால் உபரிநீர் வழியும் கலுங்கு வழியாக மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்கு வரும். அது நிரம்பினால் அதற்கும் கீழே. ஆனையூர், கோசாகுளம் பக்கத்து நீர் இப்படி இறங்கிச் செல்லூர்க் கண்மாய்க்கு வந்து, மிச்சம் பந்தல்குடி கால்வாய் வழியாக வைகையில் சேரும். ஒவ்வொரு கண்மாயும் மழையை நாள் கணக்கில் நிறுத்திவைக்கும் பானை. மேலே உள்ள பானைகள் சுருங்கிவிட்டால், நான்கு நாளில் வரவேண்டிய தண்ணீர் நான்கு மணி நேரத்தில் வரும். வழியெல்லாம் சிமெண்டுத் தளம். மண் குடிப்பதற்கு நேரமும் இல்லை, இடமும் இல்லை.

கண்மாயை ஆக்கிரமிப்பாளர்கள் கொன்றார்கள் என்றுதான் பத்திரிகைகள் எழுதுகின்றன. நான் 31 ஆண்டுகள் வரைபடங்களுக்கு நடுவே உட்கார்ந்து கண்டது வேறு. கண்மாயின் சாவு அதன் ஆயக்கட்டில், அதாவது அதன் பாசன நிலத்தில், தொடங்குகிறது. முதலில் கண்மாய்க்குக் கீழே இருந்த நஞ்சை வயல் மனையாகிறது. அது தனியார் நிலம், சட்டப்படி விற்பனை, யாரும் குறை சொல்ல முடியாது. வயல் போனதும் மடையைத் திறக்கச் சொல்லிக் கேட்க விவசாயி இல்லை. மடை அடைபடுகிறது. மடை வேண்டாம் என்றால் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் எதற்கு? ஊரார் கூடிச் செய்யும் குடிமராமத்துக்கு ஆள் சேர்வதில்லை. வரத்துக்கால் தூர்ந்து, கண்மாய் வறண்டு கிடக்கிறது. வறண்டு கிடப்பதைப் பார்ப்பவருக்கு அது வீணாகக் கிடக்கும் நிலம். அதற்கப்புறம்தான் ஆக்கிரமிப்பு, அதற்கப்புறம்தான் கட்டடம். தல்லாகுளம், பீபீகுளம், சொக்கிகுளம், கோசாகுளம், உலகனேரி என்று நம் ஊர்ப்பெயர்களைச் சொல்லிப் பாருங்கள். வாய் நிறையத் தண்ணீர் இருக்கிறது.

2011இல் மாநகராட்சி 72 வார்டிலிருந்து 100 வார்டாக விரிந்தபோது, 51.82 சதுர கிலோமீட்டர் இருந்த பரப்பு 147.97 ஆயிற்று. புதிதாக உள்ளே வந்த 96 சதுர கிலோமீட்டரில் எத்தனை கண்மாயும் ஆயக்கட்டும் ஓடையும்! அந்த நிலத்துக்குத் தெரு போடுவதற்கு முன்னால் நீர் வழியைக் குறித்திருக்க வேண்டும்.

இந்த இடத்தில் என் பிழை ஒன்றையும் சொல்ல வேண்டும். 1984இல் வடகரைக் கிராமம் ஒன்றின் புல வரைபடங்கள் நைந்துபோய், அவற்றைப் புதிய தாளில் படியெடுக்கும் வேலை எனக்கு வந்தது. ஒரு புலத்தில் இரண்டு இணைகோடுகள். நடுவே மங்கலான எழுத்து. 'ஓ' மட்டும் தெரிந்தது. ஓடை என்று ஊகித்தேன். நேரில் போய்ப் பார்த்தால் வண்டித்தடம், இருபுறமும் உடைமுள், நடுவே கணுக்கால் புழுதி. மழை பொய்த்த வருடம். 'பாதை என்று எழுதிவிட்டு அடுத்ததைப் பார்' என்றார் மேலே இருந்தவர். எழுதினேன். பாதை பிறகு சாலையாயிற்று, சாலையின் இருபுறமும் மனைகள் விற்றன. 1993 நவம்பரில் வைகை பெருகிய மழையில் நான் அந்தத் தெருவுக்குப் போனேன். ஒரு வீட்டு வாசலில் ஆட்டுக்கல்லின் குழவி நுனி மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. அந்த வீட்டுப் பாட்டி என்னைத் திண்ணையில் ஏற்றிக்கொண்டு, 'இந்தப் பக்கம் இவ்வளவு தண்ணீர் எப்படியம்மா வந்தது' என்று என்னிடமே கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

அதனால் சொல்கிறேன் சகோதரி, உங்களுக்கும் இனி மனை வாங்கப்போகிற எல்லோருக்கும். பட்டா நிலம் யாருடையது என்று சொல்லும். அது முன்பு என்னவாக இருந்தது என்று சொல்லாது. கிராம வரைபடத்தைப் பாருங்கள், கிராம நிலக் கணக்கான 'அ' பதிவேட்டில் நஞ்சையா புஞ்சையா, எந்தக் கண்மாய்ப் பாசனம் என்று பாருங்கள். தாய்ப்பத்திரத்தின் நான்குமாலில் 'வாய்க்காலுக்குக் கிழக்கு', 'ஓடைக்குத் தெற்கு' என்று ஒரு சொல் வந்தால் அந்த வாய்க்கால் இன்று எங்கே என்று கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள். ஏற்கெனவே வாங்கி வீடு கட்டியவர்களைத் தண்டிப்பதில் எனக்குச் சம்மதம் இல்லை. கால்வாயின் பழைய அகலத்தை மீட்டுக்கொடுப்பதும், மேலே உள்ள கண்மாய்களைத் தூர்வாரி ஆழப்படுத்துவதும் அரசின் கடமை. உங்கள் வார்டில் கூட்டம் நடந்தால் சாலையைக் கேட்பதற்கு முன் மறுகாலைக் கேளுங்கள்.

கேள்வி: கிருதுமால் நதி என்கிறார்களே, அது நதியா?
(வாசகர், எல்லீஸ் நகர்)

நதிதான் ஐயா. நாகமலைப் பக்கம் தோன்றி, கூடலழகர் கோயிலை ஒட்டி ஊருக்குள் ஓடிய ஆறு. மச்ச அவதாரக் கதையில் சத்தியவிரதன் கையில் மீன் வந்து விழுந்தது கிருதமாலையில் என்கிறது பாகவதம். ஒரு பக்கம் வைகை, மறுபக்கம் கிருதுமால் என்று ஊருக்கு மாலை போட்டதுபோல் ஓடியதாக நம் பெரியவர்கள் சொல்வார்கள். இன்று பாலத்தின்மேல் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிறோம். சாக்கடை என்று கூப்பிடுவதை நிறுத்துவோம். சாக்கடைக்கு யாரும் கரை கேட்க மாட்டார்கள்.

கேள்வி: கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டக்கூடாது என்ற விதியால் எங்கள் சொத்துக்கு மதிப்பு இல்லை. அதை எடுத்துவிடச் சொல்லி எழுதுவீர்களா?
(கட்டட உரிமையாளர், மேல ஆவணி மூல வீதி)

எழுத மாட்டேன். 1559இல் எழுந்த தெற்குக் கோபுரம் 170 அடி. ஊருக்குள் எந்தச் சந்தில் வழி தவறினாலும் அண்ணாந்து பார்த்துத் திசை கண்டுபிடிக்கிறோம். உங்களைப் போன்றவர்கள் அதற்காக விட்டுக்கொடுப்பதற்கு ஈடாகச் சொத்துவரியில் சலுகை கேளுங்கள். அதற்கு நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

கேள்வி: சிம்மக்கல் பக்கம் எங்கள் சந்தில் ஆம்புலன்ஸ் நுழைய முடியவில்லை. ஒரு பக்கத்து வீடுகளை எல்லாம் இடித்து அகலமான ரோடு போடலாம் என்று சிலர் மனுக் கொடுக்கிறார்கள். நியாயமா அம்மா?
(இளைஞர், வடக்கு மாசி வீதி)

தம்பி, இதே கேள்விக்கு நூறு வருடத்துக்கு முன்பு ஒருவர் நம் பக்கத்துக்கு வந்து பதில் சொல்லியிருக்கிறார். பேட்ரிக் கெட்டிஸ், ஸ்காட்லாந்துக்காரர். படித்தது உயிரியல். 1914இல் நகரங்களைப் பற்றிய பெரிய கண்காட்சி ஒன்றோடு இந்தியாவுக்குப் புறப்பட்டார். வரைபடங்களும் படங்களும் வந்த கப்பலை எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் மூழ்கடித்துவிட்டது. சென்னையில் குண்டு போட்ட அதே எம்டன்தான். அவர் சோர்ந்துவிடவில்லை. நண்பர்கள் மறுபடி சேர்த்து அனுப்பியதை வைத்து 1915 ஜனவரியில் சென்னையில் கண்காட்சியை நடத்தினார். பிறகு மாகாணத்து ஊர்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதினார். அதில் மதுரையும் உண்டு, தஞ்சையும் உண்டு.

அவருடைய முறை வைத்தியர் முறை. முதலில் நாடி பார்க்க வேண்டும், அதாவது ஒவ்வொரு சந்தாக நடக்க வேண்டும். எந்த வீடு இடிந்து கிடக்கிறது, எங்கே கிணறு, எங்கே மரம், பிள்ளைகள் எங்கே விளையாடுகிறார்கள் என்று குறிக்க வேண்டும். பிறகு, வேண்டிய இடத்தில் மட்டும் கத்தி வைக்க வேண்டும். நெருக்கமான பகுதியின் நடுவே நேர்ச்சாலை அறுத்துக்கொண்டு போனால் வீடிழந்தவர்கள் பக்கத்துச் சந்துகளிலேயே போய் நெருங்குவார்கள், நோய் இடம் மாறும், அவ்வளவுதான் என்பது அவர் கட்சி. பாழடைந்த ஒன்றிரண்டு மனைகளை வாங்கித் திறந்தவெளியாக்கி, மூலைகளை மட்டும் சீவிவிட்டால் செலவும் குறையும், குடும்பங்களும் இருக்கும்.

உங்கள் சந்துக்கு நான் சொல்வதும் அதுதான். ஆம்புலன்ஸ் நிற்பது சந்தின் நடுவில் அல்ல, திருப்பத்தில். திருப்பத்தில் இருக்கும் வீட்டின் மூலையை மூன்றடி சாய்வாக வெட்டி, வழியை மறித்து நிற்கும் மின்கம்பத்தைச் சுவரோரம் நகர்த்தி, நிரந்தரமாக நிற்கும் இரண்டு வண்டிகளுக்கு வேறு இடம் கொடுத்தால் போதுமா என்று முதலில் அளந்து பாருங்கள். நாலு பேர், ஒரு டேப், ஒரு ஞாயிற்றுக்கிழமை. வரைபடத்தை எனக்கு அனுப்புங்கள், சரிபார்த்துத் தருகிறேன். மனுவை அதற்கப்புறம் எழுதுவோம்.

கேள்வி: நான் ஒன்பதாம் வகுப்பு. எங்கள் கிராமம் எப்படி மாறியது என்று ஆராய்ச்சி செய்ய ஆசை. எங்கே தொடங்குவது?
(மாணவர், அலங்காநல்லூர் அருகே)

கோடு போடாத நோட்டு ஒன்று, இரண்டு நிறப் பென்சில், உன் அப்பத்தா. இந்த மூன்றும் போதும் ராசா.

உங்கள் தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை காலடி எண்ணி நட. பத்துக் காலடி நடந்தால் எத்தனை முழம் வருகிறது என்று முன்னாலேயே கணக்கு வைத்துக்கொள். ஒவ்வொரு வீட்டு முகப்பையும் நோட்டில் பெட்டியாகப் போடு. ஓடா, தட்டோட்டு மாடியா, கூரையா என்று எழுது. திண்ணை இருந்தால் ஒரு குறி. பிறகு அப்பத்தாவை உட்காரவைத்து, ஒவ்வொரு பெட்டிக்கும் 'நீ கல்யாணமாகி வந்தபோது இங்கே என்ன இருந்தது' என்று கேள். அவர் சொல்வதை வேறு நிறத்தில் எழுது. மாடுகள் எந்த வழியாக மேய்ச்சலுக்குப் போயின, தண்ணீர் எடுத்த ஊருணி எது, பெரியாறு தண்ணீர் எந்த வாய்க்காலில் வந்தது, மழைக்காலத்தில் எந்தப் பாதையில் நடக்க முடியாது என்று கேட்க மறந்துவிடாதே. அந்தக் கடைசிக் கேள்விக்கு வருகிற பதிலைத் தடித்த கோடாகப் போடு. அதன் பக்கத்தில் அவர் சொன்ன பெயரை அப்படியே எழுது. ஓடை என்றால் ஓடை என்றே எழுது.